மூன்றாவது லாரி, ஐந்தாவது மாடு

உங்கள் வசதிப்படி, உங்கள் நேரத்தில் என்று போட்டிருந்தது.
என் நேரம் என்று தனியாக ஒன்று இருப்பதே
பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.
இரவு பதினொன்றே முக்காலுக்கு மேல்,
வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஆய்வறையில்,
ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவே
பத்து நிமிடம். சில நாள் நாற்பது.

"மீண்டும் வருக, தெய்வானை" என்கிறது திரை.
எங்கே போனேன்?
நாலு மாதமாக இதே நாற்காலி,
இதே ஏழாம் பாடம்.
கைபேசியை ஜன்னலோரம் வைத்தால் தமிழ்நாடு,
குளிர்பெட்டி மேல் வைத்தால் கேரளம்.
குளிர்பெட்டி மேல்தான் படம் நிற்காமல் ஓடும்.

என்றோ ஒரு பகலில், எங்கோ உட்கார்ந்து
பேசிப் பதிவுசெய்து வைத்த பெண் அவர்.
ஒன்பதாம் நிமிடத்தில் பின்னால் ஒரு நாய்
இரண்டு தடவை குரைக்கும்.
அந்த நாயை எனக்கு நன்றாகத் தெரியும்.
"இங்கே நிறுத்தி நீங்களே செய்து பாருங்கள்,
அவசரமே இல்லை" என்பார்.
வெளியே ஹாரன்.
"டாக்டரம்மா, வெரசா உடுங்க,
விடியறதுக்குள்ள சந்தைக்குப் போகோணும்."

பதினெட்டு வருடம் மாட்டு வாயில் கைவிட்டவள் நான்.
நாக்கைப் பிடித்தாலே சொல்லிவிடுவேன்
கோமாரியா இல்லையா என்று.
வைரஸுக்குள் எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கத் தெரியாது.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்து பழகிய கை
நான்கே எழுத்தின் முன் தடுமாறியது.
ஒரு காற்புள்ளி விட்டதற்கு
சிவப்பில் ஆறு வரித் திட்டு.

அன்றைக்கு என் மாடுகளைத் திறந்தேன், அட்டவணையில்.
அறுபத்தொரு மாதிரி.
முதல் வரியில் மே மூன்று.

மே மூன்று ஹர்த்தால்.
ஒரு வண்டி வரவில்லை.
நானும் சுதேவனும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு
அவன் வீட்டுப் பலாச்சுளை தின்றோம்.
அன்று எந்த மாட்டின் வாயைத் துடைத்தேன்?

பதிவேட்டை எடுத்தேன். சுதேவன் கையெழுத்து, மலையாளத்தில்:
3-5. மூன்றாவது லாரி, ஐந்தாவது மாடு.
சிவப்பு. இடக்கொம்பு முறிந்தது.

தேதி என்று எண்ணிக்கொண்டது எக்செல்.
என் மாடுகளெல்லாம் நாட்களாகிவிட்டன.
2-11 நவம்பரில் மேய்கிறது.
7-8 ஆகஸ்டில் நனைகிறது.
3-34, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில்,
என் அப்பா பிறப்பதற்கும் முன்னால்
ஒரு மார்ச் மாதத்தில் தனியாக நின்றுகொண்டிருக்கிறது.
ஒரு லாரியில் முப்பத்து நான்கா என்று
எக்செல் கேட்கவில்லை.
அன்று நானும் கேட்கவில்லை.
துடைத்தேன், ஒட்டினேன், அடுத்தது என்றேன்.

ஏழாம் பாடம் நாலு மாதமாக
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது:
அடையாளத்தை எழுத்தாகவே வாசி.
ஒரே ஒரு கட்டளை.
பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஆகஸ்டிலிருந்தும் நவம்பரிலிருந்தும்
ஒவ்வொன்றாக ஓட்டி வந்தேன்.
அறுபது திரும்பின.
ஒன்றின் மேல் சுதேவன் டீ கொட்டியிருந்தான்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காலி என்பதையும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அவர்.

பிறகு திரையில் கிளை பிரிந்தது.
இடக்கொம்பு முறிந்த சிவப்பு மாடும்
கொழிஞ்சாம்பாறையில் செத்துப்போன கறவையும்
ஒரே காம்பில்.
சாவடி எந்தக் கிளையில் இருக்கிறது என்று
கொஞ்ச நேரம் தேடினேன்.

"ரொம்ப நன்றாகச் செய்தீர்கள்" என்றார்,
நான் செய்ததைப் பார்க்காமலே, எல்லோரிடமும் சொல்வதுபோல.
இருந்தாலும் காது சூடாயிற்று.
நாற்பத்து மூன்று சதவீதம்.

"அடுத்ததாக" என்று தொடங்கும்போது ஹாரன்.
வாய் பாதி திறந்தபடி அவரை நிறுத்திவிட்டுக்
கையுறை மாட்டிக்கொண்டு போனேன்.
சுதேவன் டார்ச் பிடித்தான்.
எத்தனை உருப்படி என்றேன்.
டிரைவர் ஒரு எண் சொன்னார்.
எழுதிக்கொள்ளவில்லை.
பின்பலகையில் கால் வைத்து ஏறி
எண்ண ஆரம்பித்தேன்.